பூச்சுக்கு அடியில்

போன மாதம்தான் அந்தப் பழைய வீட்டை வாங்கியிருந்தோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே அறையாக்கப் போகிறோம் என்று வீடே குதூகலத்தில் இருந்தது. மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. "இனிமே சமைச்சுக்கிட்டே டிவி பாக்கலாம்" என்று மனைவி சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

மேஸ்திரி முதலில் மேல்பூச்சை உதிர்த்தார். அடியில் வெள்ளையடித்த இன்னொரு பூச்சு இருந்தது. அதில் கீழிருந்து மேலாக, உயரம் அளந்து போட்ட பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் 'வாண்டு' என்று எழுதியிருந்தது. என் மனைவியின் கையெழுத்து.

வாண்டு என்று நாங்கள் கூப்பிடுவது எங்கள் நாலு வயது மகளை. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லையே என்று டாக்டரே கவலைப்படும் பெண். கடைசிக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

"ஐ! அப்பாவ விட நான் ஒசரம்!" என்று அவள் குதித்தாள். எனக்கும் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"இடிச்சிரலாமா சார்?" என்றார் மேஸ்திரி.

"வேண்டவே வேண்டாம். முன்பணத்த நீங்களே வெச்சுக்குங்க."

மனைவி பென்சிலோடு வந்து, மகளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தாள். முதல் கோடு அவள் உச்சந்தலையைச் சரியாகத் தொட்டது.

"நான் எழுதவே வேணாம் போலிருக்கே" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.