எட்டுத் துண்டு மீன்

கணக்கென்றாலே வயிற்றுவலி வரும் யாழிசைக்கு. இப்போது வகுப்பிலுள்ள பேசும் ஏ.ஐ. மேசையே அவரவர் வீட்டு நடப்பை அறிந்து கணக்குக் கொடுப்பதால், குஷியாகப் போடுகிறாள். பெற்றோர் நாளன்று அப்பா கதிரேசன் பெருமையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நேற்று உங்கள் வீட்டில் நான்கு பேர், எட்டுத் துண்டு மீன் வறுவல். எப்படியெல்லாம் பிரிக்கலாம்?" என்று கேட்டது மேசை.

ஏழெட்டு விதமாகப் பிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தனக்கும் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அம்மாவுக்கு மட்டும் எல்லாவற்றிலும் பூஜ்யம்.

"ஆளுக்கு ரெண்டுன்னும் பிரிக்கலாமேம்மா?" என்றார் டீச்சர்.

"கணக்குல வரும் மிஸ். எங்க வீட்ல வராது."

சுற்றியிருந்த பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று கதிரேசனுக்குத் தெரியவில்லை.

மேசை, சரியான விடையென்று பச்சை விளக்கைப் போட்டது.