நாலு விரல் அகலம்

"இதே டிசைன்தானே டீச்சர்? அச்சு அசலா செஞ்சு குடுத்துடறேன்."

போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே சொன்னாள் மணியக்கா. மணியும் முத்தும் கோத்து வீட்டிலேயே நகை செய்கிறவள் என்பதால் அக்கம்பக்கம் வைத்த பெயர் அது. பெரிய டிசைனர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிற நகையைப் படத்தில் பார்த்தால் போதும், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே அந்த அழகைக் கொண்டுவந்துவிடுவாள்.

படத்தில் இருந்தது ஒற்றை முத்துச்சரம். மெல்லிசு. நடுவில் துளி போலத் தொங்கும் ஒரு முத்து.

"என் வருங்கால மருமக ஆசைப்பட்டு எடுத்து வச்ச படம்மா இது," என்றார் ஓய்வு பெற்ற அந்தத் தலைமையாசிரியை. "ஆனா இப்படி வேண்டாம். இதே முத்து, இதே துளி. அகலம் மட்டும் நாலு விரல். கழுத்தை ஒட்டி நிக்கணும்."

"நாலு விரலா? பட்டை மாதிரி ஆயிடுமே டீச்சர். பொண்ணு ஆசைப்பட்டது..."

"சொன்னதைச் செய்ம்மா. ஒண்ணு இல்ல, ஆறு வேணும். எனக்கு, என் ரெண்டு பொண்ணுங்களுக்கு, தங்கச்சிக்கு, ஓரகத்திக்கு, மருமகளுக்கு. ரிசப்ஷன்ல ஆறு பேரும் இதைத்தான் போடணும். பின்னாடி கொக்கி மாட்ட நீயே வந்துடு."

அவர் போனதும், பஸ் டிரைவரான கணவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஸ்கூலை விட்டு வந்தும் யூனிஃபார்ம் ஆசை போகல போலிருக்கு."

மணியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே மருமக கழுத்துல பட்டையைக் கட்டறாங்க. வாயில்லாப் பூச்சி, பாவம்!"

மேஜையில் துண்டை விரித்தாள், மணி உருளாமல் இருக்க. ஐஸ் ட்ரேயின் குழிகளில் முத்துக்களை அளவுவாரியாகப் பிரித்தாள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு.

"நேத்து சாப்பாட்டுல கல்லு கடிபட்டுது. துப்பிப் பார்த்தா முத்து," என்றார் கணவர்.

"தூக்கிப் போட்டுடலையே?"

"கழுவி ட்ரேயில வச்சுட்டேன் தாயே!"

ஆறு பட்டைகளும் முடிந்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் கை ஓயவில்லை. யாரும் கேட்காமலே, படத்தில் இருந்த அந்த ஒற்றைச் சரத்தையும் கோத்து முடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"டீச்சரம்மா பார்த்தா அவ்வளவுதான்," என்றார் கணவர்.

"பார்க்கட்டும். ஆசைப்பட்டவ கையில ஒரு தடவையாவது சேரட்டும்."

வரவேற்பு நாளன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஐந்து பேருக்கும் கொக்கி மாட்டிவிட்டு மணமகள் அறைக்குப் போனாள். மணப்பெண் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா.

கதவைச் சாத்திவிட்டு, ஒற்றைச் சரத்தை எடுத்து நீட்டினாள் மணியக்கா. "நீ ஆசைப்பட்டதும்மா. செய்யாம இருக்க மனசு வரல."

அந்தப் பெண் அதை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இறக்கினாள்.

கழுத்தின் குறுக்கே, இன்னும் சிவப்பு மாறாத ஒரு தழும்பு.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்து வச்ச படம்கா அது."

மணியக்காவுக்கு நாலு விரல் அகலம் எதற்கென்று இப்போது புரிந்தது. ஊரார் பார்த்தால் மானம் போய்விடுமாம்! அதற்காக மூடி மறைக்கிறார்கள்!

"தெரியாம கொண்டு வந்துட்டேம்மா. குடு, உள்ள வச்சுடறேன்."

"இருங்கக்கா."

அவளே சரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். தழும்புக்குக் கொஞ்சம் கீழே அடங்கி உட்கார்ந்தது முத்து. தழும்பு அப்படியே தெரிந்தது. முகமும் தெரிந்தது.

"பொழைப்பேனான்னு கிடந்தவ எழுந்து வந்திருக்கேன். இதுல மறைக்க என்னக்கா இருக்கு? கொக்கியை மாட்டுங்க."

"உங்க அத்தை..."

"மாட்டுங்கக்கா!"

மாட்டினாள்.

நிமிர்ந்த தலையோடு மண்டபத்துக்குள் நடந்தாள் மணப்பெண். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. மேடையில் நின்ற மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

மாமியாரோ சிரிக்கவில்லை. அகலப் பட்டை மின்ன, மருமகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அதே பட்டைகளோடு நாலு பெண்கள்.

தூண் ஓரமாக ஒதுங்கினாள் மணியக்கா. 'இத்தனை பேர் முன்னாடி என்ன சொல்லப் போறாங்களோ! எல்லாம் என்னால.'

பிறகு மனசு கேட்காமல் அவளே முன்னால் போனாள். "டீச்சர், தப்பு என்னுதுதான். பொண்ணைத் திட்டாதீங்க. நான்தான் அதைச் செஞ்சு..."

தலைமையாசிரியை அவளைக் கையமர்த்தினார். மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு பிடரிக்குப் பின்னால் கைவிட்டுத் தன் கொக்கியைத் தேடிக்கொண்டே, ஒரு பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"இவ ஒருத்தி மட்டும் கழுத்தை மூடிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் நாமளும் மூடினோம். அவளே திறந்துட்டா, இனி நமக்கு எதுக்கு? கழட்டுங்கடி எல்லாரும்!"