கால் படாத ஊருணி

"நிறுத்துங்கப்பா அந்தக் காரை! ஊருணிக் கரையில எவனும் ஏறக்கூடாது!"

நாகராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையின் குறுக்கே நின்றுவிட்டார்.

கார் நின்றது. அதன் தலைமேல், கேரியரில் இரண்டு கயாக் படகுகள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். கவிழ்த்துப் போட்டுப் பெல்ட்டால் இறுக்கியிருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி வேறு. திருமயத்திலிருந்தே இரண்டு பைக்குகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னால் வந்திருந்தன.

இறங்கியவர் சந்திரசேகர். பெரிய வீட்டுக் கண்ணப்பனின் மகன். இப்போது சென்னைவாசி. கூடவே அவர் மனைவி வித்யா. பெரிய வீட்டு மருமகள் என்பதால் ஊருக்கு அவள் 'ஆச்சி'.

"தம்பி, நீங்களா?" நாகராசுவின் குரல் சற்று இறங்கி, உடனே ஏறிக்கொண்டது. "யாரா இருந்தாலும் ஒரே சட்டந்தான். இது குடிக்கிற தண்ணி. கால் படக்கூடாது. செருப்போட படியில நின்னாருன்னு சொந்த மருமகனையே வெரட்டிவிட்டவன் நான். எங்க பாட்டன் காலத்துலேருந்து எங்க வீடுதான் இதுக்குக் காவல். அந்தப் பேரைக் கெடுக்க விடமாட்டேன்."

"தெரியும்ணே. அதனாலதான்..."

"அதனாலதான் படகு விட்டு வெளையாட வந்தீங்களாக்கும்?"

அதற்குள் கரையில் கூடிவிட்ட கூட்டம் சிரித்தது. குடத்தோடு நின்றிருந்த காத்தாயி சும்மா இருப்பாளா?

"ஏன் ஆச்சி, மெட்ராசுல அம்மாம்பெரிய கடல் கெடக்கே, அங்கிட்டு ஓட்டக்கூடாதா? எங்க சோத்துப் பானையிலதான் வந்து ஓட்டணுமா?"

நியாயமான கேள்விதான். அந்தக் காரைப் பார்த்த யாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

வித்யா கோபப்படவில்லை. ஊருணியின் நடுவைக் கை காட்டினாள்.

"அது என்னன்னு பாருங்க அக்கா."

கார்த்திகை மழையில் ஊருணி கரை தொட்டு நின்றது. நடுவில் அல்லிக்கொடிகளில் சிக்கிக்கொண்டு பாட்டிலும் டம்ளரும் கேரி பேக்குமாக ஒரு குப்பைத் திட்டு. ஊரே தினமும் பார்ப்பதுதான். இறங்கி எடுக்கலாம் என்றால் கால் படும். கோடையில் வற்றட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுவரை அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கியாக வேண்டும்.

"கால் படாம எடுக்கணும்னா இது ஒண்ணுதாண்ணே வழி" என்றார் சந்திரசேகர். "போன தடவை வந்தப்பப் பாத்தேன். இதுக்காகவே ரெண்டு பேரும் ஓட்டக் கத்துக்கிட்டோம்."

கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

நாகராசு தொண்டையைச் செருமினார். "படகோட அடிப்பக்கம் சுத்தமா இருக்கணுமே?"

"கேன்ல தண்ணி கொண்டாந்திருக்கோம். கழுவிட்டுத்தான் விடுவோம்."

அவர் விலகி வழிவிட்டார்.

பெல்ட்டுகள் கழன்றன. அத்தனை நீளப் படகு, புருஷன் பெண்டாட்டி இருவர் கையில் வாழைத்தண்டு மாதிரி லேசாக இறங்கியது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கழுவித் துடைத்துப் படியோரம் விட்டு, படியில் இருந்தபடியே உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். காலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

துடுப்பு ஒரு முறை விழுந்தது. படகுகள் சத்தமே இல்லாமல் நழுவிப் போயின.

தண்ணீர் நிறைந்து கிடக்கையில் ஊருணியின் நடுவில் ஒரு மனித உருவத்தை அந்த ஊர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது. மேகமும் கரையோரக் கோயில் கோபுரமும் தண்ணீருக்குள் கிடக்க, அவற்றின் மேல் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். காத்தாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை கூப்பினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. நாகராசுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷமும் கரையில் நின்று அதட்டியது மட்டும்தான் தன் காவல் என்று அப்போது பட்டது.

போய்ப் போய் வந்தார்கள். படகில் வைத்திருந்த சாக்கு நிறைந்தது. நடுத் தண்ணீர் துடைத்துவிட்ட கண்ணாடியாய்ச் சுத்தமாயிற்று.

கடைசியாகச் சந்திரசேகர் ஒரு மஞ்சள் பையைக் கொடியிலிருந்து பிடுங்கினார். விசேஷ வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பை. உள்ளே எச்சில் டம்ளர்களைத் திணித்து, வாயைக் கட்டி யாரோ வீசியிருந்தார்கள்.

"தம்பி, அந்தப் பையில பேரு போட்டிருக்குமே! யாரு வீட்டு விசேஷம்னு பாருங்க!" காத்தாயி கத்தினாள்.

"சொல்லுங்க தம்பி!" நாகராசுவும் சேர்ந்துகொண்டார். "எவனா இருந்தாலும் சரி, ஊர்க் கூட்டத்துல நிக்க வெச்சுக் கேக்குறேன்!"

சந்திரசேகர் பையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். பையைச் சாக்கின் அடியில் செருகினார்.

"தண்ணியில ஊறி எழுத்தெல்லாம் போயிருச்சுண்ணே. ஒண்ணும் தெரியலை."

"தப்பிச்சான் பாவி!" என்றாள் காத்தாயி.

படகுகளைத் திரும்பக் கேரியரில் ஏற்றும்போது நாகராசு வேறு யாரையும் கிட்ட விடவில்லை. தானே தோள் கொடுத்துத் தூக்கினார். பெல்ட்டை இழுத்து இழுத்து இறுக்கினார். வித்யா ஒரு முடிச்சுக்குக் கை கொடுக்க வந்தபோது, "நீங்க இருங்க ஆச்சி" என்று தடுத்துவிட்டார்.

"சாக்கை டிக்கியில வெச்சிருங்கண்ணே. போற வழியில குப்பைக் கிடங்குல போட்டுர்றோம்" என்று சொல்லிவிட்டுச் சந்திரசேகர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாக்கு பிதுங்கியது. வாயைக் கட்டுவதற்காக நாகராசு கையை உள்ளே விட்டு அமுக்கினார். அடியில் கிடந்த மஞ்சள் பை புரண்டு மேலே வந்தது.

ஒரு எழுத்துகூட அழிந்திருக்கவில்லை.

'நாகராசு – ராஜலட்சுமி இல்லக் காதணி விழா. தங்கள் வருகைக்கு நன்றி.'