உறவுமுறையைத் தேர்ந்தெடுக்கவும்

"இவகிட்ட எதையும் காட்டாதீங்க. சக்கரை கூடியிருக்குன்னு தெரிஞ்சா என் உயிரை எடுத்துடுவா."

மருத்துவமனைப் பதிவு மேசையில் இருந்த பெண்ணிடம் பெரியவர் ரகசியமாகத்தான் சொன்னார். ரகசியம் வாசல்வரை கேட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரம்மா காதில் விழாதவள்போல, ஏறுமாறாகப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர். மறதி நோய் வந்தபிறகு, தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடுவதில்லை.

போன மாதம் இரண்டு டாக்டர்கள் ஒரே மாத்திரையை வேறு வேறு பெயரில் எழுதிவிட்டார்கள். அவள் இரண்டையும் கொடுத்தாள். அடித்துப் போட்டாற்போல் தூங்கியவர், எழுப்ப எழுப்ப எழவில்லை. அன்றைக்கு அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மருத்துவமனையின் இணையதளத்தில் அவருடைய கணக்கை அவளும் திறக்க முடிந்தால் போதும். மாத்திரை, பரிசோதனை முடிவு எல்லாம் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் டாக்டருக்கே எழுதிக் கேட்கலாம்.

ஆனால் நோயாளி தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

நோயாளியோ வாயைத் திறந்தாலே வம்பு.

"ஐயா, உங்க மருத்துவ விவரத்தை இவங்க பார்க்கலாமா?"

பெரியவர் தையல்காரம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். இவர் முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் அவ்வளவுதான்.

"பார்க்கட்டும். நான் வேண்டாம்னா மட்டும் விட்டுடப் போறாளா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ‘ஆம்’ என்ற இடத்தில் சொடுக்கினாள். "அம்மா, நீங்க அவருக்கு என்ன உறவு?"

"இது என்ன கேள்வி? என் சம்சாரம்!" பெரியவர் முந்திக்கொண்டார்.

"அப்படிப் போடாதம்மா," என்றாள் அவள் அவசரமாக. "வேற ஏதாவது இருக்கா?"

"‘மற்றவை’ன்னு ஒண்ணு இருக்கு."

"மற்றவையா?" பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏன்டி, நான் என்ன பண்ணேன்?"

என்ன பண்ணினார் என்று சொல்ல ஆரம்பித்தால் மருத்துவமனையைச் சாத்துகிற நேரம் வந்துவிடும்.

விவாகரத்துப் பத்திரத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அதற்கப்புறம் ஒன்பது வருடம், தெருவில் எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அவளுடைய தையல் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பால் பாக்கெட். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்போல, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டார்.

மறதி முதலில் அந்தக் கையெழுத்தைத்தான் அழித்திருந்தது.

"என்னன்னு போடட்டும்மா?" என்றாள் அந்தப் பெண்.

பெரியவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தையல்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்சாரம்னே போடும்மா," என்றாள். "அவருக்கு ஞாபகம் வந்தா மாத்திக்கலாம்."