மைனா டீச்சரின் இரைச்சல் வகுப்பு

பருந்து வந்தால் காக்கைகளைத் துணைக்குக் கூப்பிட வேண்டுமே என்று, மைனா டீச்சர் குருவிகளுக்குக் காக்கை மொழி கற்பித்தாள். இலக்கணம் விளக்குவதிலேயே வகுப்பு முடிந்துபோனது; குருவிகள் வாயே திறக்கவில்லை. அதனால் விளக்கத்தை வீடியோவாக எடுத்து, கூட்டிலேயே பார்த்துவிட்டு வரச் சொன்னாள். வகுப்பில் பேச்சு மட்டும்தான்.

“என்னம்மா, ஒரே கூச்சல்! பாடமே நடத்துவதில்லையா?” என்று சீறினார் தலைமையாசிரியர் ஆந்தை.

“பேசிப் பழகட்டும் சார். நான் நிறுத்த மாட்டேன்.”

ஒருநாள் மைனா இரை தேடப் போயிருந்தபோது பருந்து பாய்ந்தது. வகுப்பிலேயே கூச்சக்காரக் குருவியான சிட்டுதான் தப்பும் தவறுமாகக் காக்கை மொழியில் கத்தியது. காக்கைகள் திரண்டு வந்து பருந்தை விரட்டின.

மைனா பதறித் திரும்பியபோது, “யார் எங்களைக் கூப்பிட்டது?” என்று ஒரு காக்கை கேட்டுக்கொண்டிருந்தது.

“நான்தான்!” என்றது சிட்டு, காக்கை மொழியிலேயே.