காபி விளம்பரத்தில் திருஞானம்

இப்போதெல்லாம் நம் மனதில் யார் இருக்கிறாரோ, அவர் படத்தைப் போட்டுத்தான் நம் வீட்டுச் செய்தித்தாளில் காபி விளம்பரம் அச்சாகி வருகிறது. எதிர்வீட்டு மங்கையர்க்கரசிக்கு எப்போதும் ஒரு நடிகர்தான் வருவார். அவள் போடும் காபியைக் குறை சொல்லிச் சண்டை பிடித்த கணவர் திருஞானம், தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து நாளாகிறது.

இன்று பேப்பர் இரவல் வாங்கப் போனேன். பக்கம் முழுக்கத் திருஞானம்! நடிகர் போடும் அதே மஞ்சள் சட்டை, கன்னத்தில் அதே காலை வெயில். தொப்பையை மறைக்க மட்டும் டம்ளரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"அச்சுல ஏதோ தப்புக்கா" என்றவள், பேப்பரை இரவல் தரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் திருஞானத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உடனே கிளம்பி வாங்க. நாளைக்கு மறுபடியும் அந்த நடிகனைப் போட்டுடப் போறான்!"