மேட்டடி வீடு

சுரங்க மண்ணை என் வீட்டுக்குப் பின்னால் மலையாகக் கொட்டினார்கள். சரிவைப் படிப்படியாக வெட்டி, மண்ணைப் பிடித்துவைக்க வெட்டிவேர் நட்ட சுரங்க இன்ஜினியர், இனி ஒரு கூடை மண்ணும் சரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் எனக்கு மாற்றிடம் கிடையாது என்றுவிட்டார்கள். மழை பிடித்த அன்று சரிவைப் பார்க்க வந்த அவரை உள்ளே கூப்பிட்டு, வாசல் கதவைப் பூட்டிவிட்டேன்.

"இந்த ஒரு மழைக்கு எங்கூட குந்தியிருங்க சார்."

"வெளையாடாதீங்க பெரியவரே, சாவியக் குடுங்க."

"நீங்க வெட்டின சரிவுதானே? பயம் எதுக்கு? டீ குடிங்க."

பின்சுவர் முனகியது. அவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைத் தாங்கினார்.

"மேல தண்ணி வடியற வாய்க்கா இன்னும் வெட்டல" என்றார், என்னைப் பார்க்காமல்.

பூட்டைத் திறந்தேன். நிலைச்சட்டம் சாய்ந்து கதவை இறுக்கியிருந்தது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. நானும் போய் அவர் பக்கத்தில் சுவரில் கை வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது.